சுரங்கத்தில் சாப்பிட்ட ஞாயிறுகள்

சித்தூர்ப் பக்கத்தில் பூமிக்குக் கீழே தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று என்னைக் கேட்டால் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் பைப் தூக்கும் கூலியாகச் சேர்ந்து, இரண்டு வண்டிக்குச் சொந்தக்காரன் ஆனேன். குடிபாலாவிலிருந்து வடமாலபேட்டை வரை நான் துளை போடாத ஊர் கிடையாது. படித்த ஆள் கருவி வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட நிலத்தில், மேலே வந்து விழும் கல்தூளின் நிறத்தைப் பார்த்தே, "இன்னும் நாலு ராடு இறக்கு" என்று சொல்லித் தண்ணீர் எடுத்திருக்கிறேன். ஒரு ராடு என்றால் இருபது அடி. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வண்டிகளை விற்றபோது ஆபீசிலிருந்து என்னோடு வீட்டுக்கு வந்தது ஒரு கம்ப்யூட்டர் மட்டும்தான். அதில் பில் போட்டுக்கொண்டிருந்த கிளார்க், நரைத்த மீசைக்காரர், வேலை நேரத்தில் ஒளித்து ஒளித்து ஒரு விளையாட்டு ஆடுவார். ஒரு நாள் பிடித்துவிட்டேன்.

"இன்னாய்யா இது? வேலைய விட்டுப் போறியா, இல்ல எனக்கும் கத்துக் குடுக்கிறியா?"

மனிதர் அரை நாள் சொல்லிக்கொடுத்தார். மீதியை நானே கற்றுக்கொண்டேன். அவர் இன்னும் அதில் முப்பதாவது படியில் நிற்கிறார். நான் அதன் உச்சிப்படியைத் தொட்டு வருஷம் மூன்றாகிறது.

இணையத்தில் பல ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. திரையில் ஆளுக்கு ஓர் உருவம் இருக்கும். என்னுடையது கோடாரியும் கேடயமும் பிடித்த தடியன். ஐந்து பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்து பூமிக்கு அடியில் இறங்கி, பேய் பூதங்களை அடித்து, கடைசி அறையில் இருக்கும் பெரிய பூதத்தைக் கொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு டஞ்சன் என்று பெயர். நாங்கள் சுரங்கம் என்போம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஐந்து பேரும் பேசிக்கொண்டே போகலாம்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு, நான் மாடிக்குப் போய்விட்டேன். பெங்களூரில் இருக்கும் மகன், "நைனா, இந்த வயசுல இன்னா கேம்?" என்று ஒருமுறை கேட்டான். "நீ உன் கம்ப்யூட்டர்ல வேல செய்றே, நான் என் கம்ப்யூட்டர்ல வேல செய்றேன்" என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. விளையாட்டைப் பற்றியும் கேட்கவில்லை, வேறு எதைப் பற்றியும் அதிகம் கேட்கவில்லை.

அந்த விளையாட்டில் எத்தனையோ சுரங்கங்கள் உண்டு. நான் சொல்வது அவற்றில் பெரியது. மூன்று அடுக்கு. முழுதாக முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போலிக் கதவுகள், கால் வைத்தால் சரியும் பாலம், ஒரே மாதிரி இருக்கும் ஏழு படிக்கட்டுகள். சுவர்களில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கல் தெரியும். முதல் அடுக்கில் கல் சாம்பல் நிறம், இரண்டாவதில் பச்சை ஓடும், மூன்றாவதில் சிவப்பு. பழைய போர் நோட்டு ஒன்று இருந்தது. எந்த ஊரில் எத்தனை அடியில் என்ன கல் என்று குறித்துவைக்கும் நோட்டு. அதன் பின்பக்கங்களில் அந்தச் சுரங்கத்தை ராடு கணக்கில் வரைந்தேன். வரைந்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

"ரெண்டு ராடு நேரா. பச்சக் கல்லு வந்ததும் எடது கை. அர ராடு போய் நில்லு, எவனும் ஓடாத."

இப்படித்தான் நான் கூட்டிப் போவேன். எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் வருவார்கள் போவார்கள். நிலையாக இருந்தது என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் திருப்பதியில் பஸ் கண்டக்டர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என்னை "மேஸ்திரி" என்பார். இன்னொருத்தி வடமாலபேட்டையில் தையல் கடை வைத்திருப்பவள். நகரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். விளையாட்டில் அவள்தான் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பாள். அவள் என்னை "நைனா" என்று கூப்பிடுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. குரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு இறங்குவோம். கண்டக்டருக்கு அன்று வார லீவு, அவள் கடையில் அன்று பாதிக் கதவுதான் திறந்திருக்கும். இரண்டாவது அடுக்கில், பாலத்தைத் தாண்டி இரண்டரை ராடு போனால், வலது பக்கம் ஒரு அறை இருந்தது. நடுவில் ஒரு பாழுங்கிணறு. வேறு ஒன்றும் கிடையாது. பூதம் வராது, புதையல் கிடையாது. யாரோ கட்டிவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு அறை. நாங்கள் அங்கே போய்ச் சேரும்போது சரியாக ஒரு மணி ஆகியிருக்கும். ஐந்து உருவத்தையும் கிணற்றைச் சுற்றி உட்கார வைத்துவிட்டுச் சோறு தின்போம்.

அதற்கு ஒரு முறை இருந்தது. எல்லோரும் தட்டில் என்ன இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் முதல் கவளம்.

"எனக்கு களியும் வேர்க்கடல சட்னியும்."

"மறுபடியுமா நைனா? போன வாரமும் அதானே துன்னே?"

"ஒடம்பு இரும்பு மாதிரி இருக்குதே, எதுனால? நீ இன்னா?"

"மீன் கொழம்பு. முள்ளு எடுத்துக்கினு இருக்கறேன், பேசாத."

"நாக்கு எப்புடூ நிம்மகாய புளிஹோரதான்" என்று கண்டக்டர் அலுத்துக்கொள்வார். எனக்கு எப்போதும் எலுமிச்சைச் சாதம்தான் என்று அர்த்தம். அவர் வீட்டில் ஞாயிறு என்றால் அதுதான் போலிருக்கிறது. "என் சம்சாரத்துக்கு வேற சமையல் தெரியாது மேஸ்திரி."

"பின்னாடி நின்னு கேட்டுக்கினு இருக்கப் போறாங்கண்ணா" என்பாள் அவள். அவர் சட்டென்று குரலை மாற்றி, "ஆனா இது மாதிரி எவளும் செய்ய முடியாது" என்பார்.

ஹெட்போனில் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்கும். யாரோ மோர் உறிஞ்சும் சத்தம். இருபது நிமிஷம். என் மாடியில், என் மேஜையில், என் ஒற்றைத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு கை கழுவிவிட்டு மூன்றாவது அடுக்கு. மூன்று வருஷம் இப்படி.

இந்த வருஷம் கோடையில், விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரன் அந்தச் சுரங்கத்தை மாற்றிவிட்டான்.

ஒரு ஞாயிறு உள்ளே போனால் அடுக்கு இல்லை, பாலம் இல்லை. ஒரே நேர்ப்பாதை. தரையில் மஞ்சள் அம்புக்குறி மின்னிக்கொண்டே முன்னால் ஓடுகிறது. பூதங்கள் தட்டினால் விழுகின்றன. முன்பெல்லாம் நான் கேடயத்தைப் பிடித்து நிற்காவிட்டால் ஐந்து பேரும் சாக வேண்டியதுதான். இப்போது கேடயத்தை முதுகில் மாட்டிக்கொண்டு சும்மா நடந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் பெரிய பூதம் செத்துவிட்டது. கிணற்று அறை வரவே இல்லை.

"இன்னா, அவ்ளோதானா?" என்றேன்.

கண்டக்டர் கம்பெனி போட்டிருந்த அறிக்கையைப் படித்துச் சொன்னார். சுரங்கம் ரொம்ப நீளம் என்று பலர் குறை சொன்னார்களாம். அதனால் சுருக்கி, பயன்படாத அறைகளை எடுத்துவிட்டார்களாம்.

பயன்படாத அறை.

அதற்கடுத்த ஞாயிறு கண்டக்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவளும் இல்லை. கூட்டுச் சேர யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, ஒரு பொத்தானை அமுக்கினால் எந்த ஊரோ தெரியாத நாலு பேரைக் கம்பெனியே சேர்த்துவிடுகிறது. அவர்கள் பேசுவதில்லை. ஓடுகிறார்கள், முடிக்கிறார்கள், போகிறார்கள்.

நான் சும்மா உட்காரும் ஆள் இல்லை. ஊருக்குப் பொதுக் கிணறு வேண்டும் என்றால் என்ன செய்வோம்? அர்ஜி எழுதி, நாலு பேர் கையெழுத்து வாங்கி, ஆபீசர் முன்னால் போய் நிற்போம். நின்றால் நடக்கும். என் வாழ்க்கையில் எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது. சித்தூர் மண்டல ஆபீசுக்கு வெளியே டைப் மெஷின் வைத்திருக்கும் அர்ஜி எழுத்தரிடம் போனேன்.

"எந்த ஊர் அறை? சர்வே நம்பர் சொல்லுங்க."

"நம்பர் இல்ல. ரெண்டாவது அடுக்குல, பாலத்துக்கு அந்தாண்ட."

"யார் பேர்ல இருக்குது?"

"யார் பேர்லயும் இல்ல. நாங்க அங்க மூணு வருஷமா சாப்ட்டுக்கினு இருந்தோம்."

"அனுபவ பாத்தியதை" என்று அவர் தலையாட்டினார். பிறகு நான் விளையாட்டு என்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். ஆனால் தொழில்காரர், சிரிக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொடுத்தார். அந்த அறையை மறுபடி கட்டித்தர வேண்டும், பழைய வழியைத் திறக்க வேண்டும் என்பது கோரிக்கை. காரணம் என்று நான் சொன்னது இது: அந்தச் சுரங்கத்தின் வழி என் ஒருவனுக்குத்தான் தெரியும், நான் இல்லாமல் யாரும் போய் வர முடியாது, அதனால் அதை எளிமையாக்க அவசியமே இல்லை, நானே எல்லோரையும் கூட்டிப்போகத் தயார்.

அடியில் மூன்று கோடு. முதல் கோட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். மற்ற இரண்டையும் வாங்கத் திருப்பதி பஸ் ஏறினேன்.

கண்டக்டரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். குரலை வைத்து நான் நல்ல உயரமான ஆளாக நினைத்திருந்தேன். குட்டையாக, தோளில் தோல் பையோடு ஓடிவந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"மேஸ்திரி, மீரேனா? நீங்கதானா? நம்பவே முடியல! நான் ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

டீ வாங்கித் தந்தார். காகிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"கையெழுத்து போடறேன் மேஸ்திரி. உங்களுக்காகப் போடறேன். ஆனா நெஜம் சொல்லட்டா, எனக்கு இப்பதான் சௌகரியம். போன்லயே ஆட வுட்டுட்டான் இல்ல? ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல ஒரு தடவ முடிச்சிடறேன். ஞாயிறு முழுக்க ஹெட்போன் மாட்டிக்கினு உக்காந்தா வீட்ல சண்ட. இப்ப சண்ட இல்ல."

"அப்ப ஞாயித்துக்கிழம சோறு?"

"சம்சாரம் கூடத்தான்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். "அதே நிம்மகாய புளிஹோர."

கையெழுத்துப் போட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். படியில் தொற்றிக்கொண்டு கையாட்டியபடியே போய்விட்டார். மூன்று வருஷப் பழக்கத்துக்குப் பத்து நிமிஷம். டீ கிளாஸ் என் கையில் இன்னும் சூடாக இருந்தது.

வடமாலபேட்டையில் தையல் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மெயின் ரோட்டிலேயே இருந்தது. உள்ளே ஒரு பெரிய மிஷின், கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஜாக்கெட் துணியில் மயில் போட்டுக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று, "ரெண்டு ராடு நேரா" என்றேன். அவள் கத்திரியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

"நைனா!"

ஸ்டூல் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், துன்னியா என்று கேட்டாள். இல்லை என்றதும் தன் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்துத் தந்தாள். கத்தரிக்காய் குழம்பு. முதல் கவளத்துக்கு முன்னால் நான், "என் தட்டுல கத்திரிக்கா கொழம்பு" என்றேன். அவள், "என் தட்டுலயும் அதான்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

"வூட்ல நான் உக்காந்து துன்னதே இல்ல நைனா. ரசம் ஊத்து, மோர் ஊத்துன்னு நின்னுக்கினே போயிடும். அந்தக் கெணத்துகிட்டதான் உக்காந்து துன்னேன்."

"அப்ப ஏன் வர்றது இல்ல?"

அவள் மிஷினைக் காட்டினாள். "இது வந்ததுல இருந்து ஞாயித்துக்கிழமயும் ஆர்டரு. அந்த ரூம் இருந்திருந்தா எப்டியாவது வந்திருப்பேன். பன்னண்டு நிமிசத்துக்கு இன்னாத்துக்கு வர்றது?"

காகிதத்தை நீட்டினேன். பேனாவை எடுத்துக்கொண்டு படித்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"நைனா, இந்த வரிய எடுத்துடு. கம்பெனிக்காரன் சிரிப்பான்."

"எந்த வரி?"

"வழி உனக்கு மட்டும்தான் தெரியும்னு இருக்கற வரி."

"ஏன், பொய்யா அது?"

மயிலின் தோகையில் நூல் மாறியது. நீலம் போய்ப் பச்சை வந்தது.

"கீபோர்டுல எம் எழுத்த அமுக்கினா வழிப்படம் வரும் நைனா. மொத நாள்ல இருந்தே இருக்குது. எங்க எல்லாருக்கும் தெரியும்."

எம் எழுத்து எனக்குத் தெரியும். லாரி நம்பர்களில் பார்த்திருக்கிறேன். என் கீபோர்டில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். ஒரு நாளும் அமுக்கியதில்லை.

"அப்ப நான் தப்பு வழியில போனப்பல்லாம்?"

"பின்னாலயே வந்தோம். அந்தப் படத்துல நீ பச்சப் புள்ளி, நாங்க நீலப் புள்ளி. நீ சுத்திக்கினு போவே, நாங்களும் சுத்துவோம். கண்டக்டர் அண்ணன்தான் மொதல்ல சொல்லிடலாம்னாரு. நான் வேணாம்னேன்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "நீ ராடு கணக்கு சொல்றது நல்லா இருக்கும் நைனா. படத்தப் பாத்துப் போனா யாரு பேசுவா?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மழைக்காலம் முழுவதும் நோட்டில் வரைந்தது ஞாபகம் வந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது வேறு என்னவோ. அந்த வரியை அவள் பேனாவாலேயே நான் அடித்தேன். அவள் அழகாகத் தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள்.

"கட சாத்துற ஞாயிறு எதுனா வந்தா வர்றேன் நைனா" என்றாள் பஸ் ஏற்றிவிடும்போது.

பழைய கிளார்க் வீட்டுக்குப் போய் அந்த அர்ஜியை ஆங்கிலமாக்கிக் கம்ப்யூட்டரில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், நன்றி என்று இருப்பதாகச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் யார் படித்திருப்பார்கள்? ஆபீசர் முன்னால் போய் நிற்கலாம் என்றால், நிற்பதற்கு ஒரு கதவு கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு ஒரு மணிக்குத் தட்டில் களியை வைத்துக்கொண்டு உள்ளே போனேன். நண்பர் பட்டியலில் இரண்டு பேர் விளக்கும் அணைந்திருந்தது. தெரியாத நாலு பேரோடு இறங்கினேன். இரண்டாவது அடுக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தை ராடு எண்ணிக் கண்டுபிடித்து நின்றேன். வழவழப்பான சுவர். கல்லுக்கு நிறமே இல்லை, எல்லாம் ஒரே பழுப்பு. கோடாரியால் நாலு முறை அடித்துப் பார்த்தேன். மற்றவர்கள் ஓடிப்போய்விட்டார்கள். ஒருவன் ஏதோ எழுதினான். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூட்டிலிருந்து நீக்கி வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

வாசலில் ஒரு கல் இருக்கிறது. அதை மட்டும் கம்பெனிக்காரன் எடுக்கவில்லை. தடியனை அதன்மேல் உட்கார வைத்தேன். வலது கை விரலை எம் எழுத்தின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு அமுக்கினேன்.

மஞ்சள் காகிதம் மாதிரி ஒரு படம் விரிந்தது. ஆறு, காடு, சாலை எல்லாம் நேர்த்தியாக இருந்தது. என் நோட்டைவிட நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. நீலம் எங்கேயாவது இருக்கிறதா என்று நாலு மூலையிலும் தேடினேன். வடமாலபேட்டையில் இந்த நேரம் மயில் தைத்துக்கொண்டிருக்கும்.

"எனக்கு களியும் வேர்க்கடல சட்னியும்" என்றேன்.

அப்பளத்தை நொறுக்கினேன். என் சத்தம் என் ஹெட்போனில் வராது, மற்றவர்களுக்குத்தான் கேட்கும். தின்று முடித்துக் கை கழுவப் போனபோதும் மைக்கை அணைக்கவில்லை.